தண்ணீர்த் தொட்டி வரைக்கும்

மாத முடிவுக்குள் என் மனைவியின் அறையைக் காலி செய்து தரும்படி அவள் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தாவரவியல் துறைக்குப் புதிதாக ஒருவரை எடுத்துவிட்டார்கள். அவள் இறந்து நாலு மாதம் ஆகிறது. அவசரப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஊரும் கல்லூரி ஊர், அவள் வேலை பார்த்ததும் கல்லூரி ஊர். நடுவில் தொண்ணூற்று நாலு கிலோமீட்டர் நெடுஞ்சாலை. அந்தச் சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. குழி, பலகை, பாலம், வெள்ளைக்கோடு எல்லாம் என் மேஜைக்குக் காகிதமாக வரும். அவள் மூன்று வருடம் தினமும் அதில் போய் வந்தாள். அதே கல்லூரியின் நூலகர் காரில், கணக்குச் சொல்லித்தரும் ஒரு மேடத்தோடு. காலை ஆறரைக்குப் போனால் மாலை ஏழுக்கு வருவாள்.

வந்தால் பேசமாட்டாள். பையை வைப்பாள், முகம் கழுவுவாள், சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும், ஒரு வார்த்தை இருக்காது. எனக்கும் பேச்சு வராது. அமைதியான பெண், அமைதியான பையன், பொருத்தம் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை மாலை நூலகரும் மேடமும் வீட்டுக்கு வந்தார்கள். என் அக்காவும் இருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. பிசியோதெரபிஸ்ட். நாலு மாதமாக வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து நான் சாப்பிட்டேனா என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போகிறாள்.

நூலகருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கனத்த உடம்பு. வாசலில் செருப்பு வைக்கும் அலமாரியைப் பார்த்தார். அவளுடையது இரண்டு ஜோடி இன்னும் இருந்தது. அவ்வளவுதான், கைக்குட்டையை எடுத்துவிட்டார். அடக்கத்தின்போதும் அவர் இப்படித்தான் அழுதார். நான் அன்றும் அழவில்லை, இதுவரைக்கும் அழவில்லை. அங்கே வந்தவர்களுக்கு யார் புருஷன் என்று குழப்பமாகக்கூட இருந்திருக்கும். இவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அன்று எரிச்சலாக இருந்தது. இன்றும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடலாம் தம்பி" என்றார். "ஆறரைக்கு. எப்பவும் போற நேரம்."

"நானே போய்க்குவேன் சார். வண்டி இருக்கு."

அக்கா விடவில்லை. "தனியாப் போய் என்ன பண்ணுவே? பெட்டியைத் தூக்கறதுக்காவது இன்னொரு கை வேணாமா? ஒழுங்கா அவங்களோட போ." அவர்கள் பக்கம் திரும்பினாள். "முட்டி, தோள்பட்டைன்னா நான் சரிபண்ணிடுவேன் சார். இவனுக்கு வாய்தான் அசையாது. அதுக்கு எங்க படிப்புல பயிற்சி கிடையாது."

மேடம் சிரித்தார். "அப்ப முன் சீட்டு சாருக்குக் கிடையாது. முன்னாடி உக்கார்றவங்க பேசியே ஆகணும். இல்லேன்னா அண்ணன் ஓட்டிக்கிட்டே தூங்கிடுவார்."

"அதெப்படி? ரேடியோ சீட்டு தம்பிக்குத்தான்" என்றார் நூலகர்.

"ரேடியோவா?" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க அவங்களுக்கு வெச்ச பேரு சார்" என்றார் மேடம். "உங்ககிட்ட சொல்லலியா? போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம், நிறுத்தவே முடியாது. நான் பின்னாடி விடைத்தாள் திருத்தலாம்னு எடுத்துட்டு வருவேன். மூணு வருஷத்துல ஒரு கட்டு முடிச்சதில்ல."

"ஆள் மாதிரியே பேசிக் காட்டுவாங்க" என்றார் நூலகர். "எங்க பிரின்சிபால், உங்க அக்கா..."

"என்னையா?" என்றாள் அக்கா.

"மூச்சை இழு, விடு, இழுன்னு. அச்சு அசல்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் வருகிறது.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். வாரத்துக்குப் பதினைந்து. மூன்று வருடத்துக்கு, விடுமுறையைக் கழித்தால்கூட, ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் இந்த மனிதர் என் மனைவியின் பேச்சைக் கேட்டிருக்கிறார். எனக்கு வந்து சேர்ந்தது பேசி முடித்த பிறகு மிஞ்சிய ஆள். அவர்களுக்குள் தப்பாக எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பேச்சை மாற்ற ஒரு தாளை எடுத்தேன். நீளமாக ஒரு கோடு போட்டு, இந்த முனையில் பூஜ்யம், அந்த முனையில் தொண்ணூற்று நாலு என்று எழுதினேன். "எங்கெங்க நிறுத்தணும்னு சொல்லுங்க. முப்பத்தெட்டுல வளைவு. நாற்பத்தேழுல டீக்கடை, கழிப்பறை இருக்கு. அறுபத்திரண்டுல பாலம்..."

"முப்பத்தெட்டு மாமியார் வளைவுதானே?" என்று மேடம் நூலகரைக் கேட்டார்.

"ஆமா. தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. கிட்டப் போனாத்தான் இழுத்துப் பிடிக்கும்னு சொல்லுவாங்க. அவங்க வெச்ச பேரு."

அந்த வளைவுக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லிக் குறிப்பு எழுதியவன் நான்.

"ஐம்பத்தொண்ணுல இருந்து ஐம்பத்தெட்டு வரைக்கும் நேரா இருக்கும்ல, அது கோர்ட்டு" என்றார் மேடம். "எனக்கும் அண்ணனுக்கும் என்ன தகராறுன்னாலும் அந்த ஏழு கிலோமீட்டருக்குள்ள தீர்ப்பு சொல்லிடுவாங்க."

"எல்லாத் தீர்ப்பும் மேடம் பக்கம்" என்றார் நூலகர். "அறுபத்திரண்டு பல் டாக்டர் பாலம். அஞ்சு தடவை தூக்கிப் போடும். தூங்கறவன் எந்திரிச்சுப் பல்லை எண்ணிப் பாக்கணும்பாங்க."

அந்தப் பாலத்தின் இரும்பு இணைப்புகள் ஐந்தையும் மாற்றச் சொல்லும் கோப்பு இரண்டு வருடமாக என் மேஜையில் கிடக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாலம் தூக்கிப் போடுகிறது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். பதினோரு பெயர் வந்தது. பதினொன்றும் எனக்குப் புதிது. என் சாலை. என் மனைவி.

பிறகு கேட்டுவிட்டேன். "என்னைப் பத்தி என்ன சொல்லுவா?"

மேடம் டம்ளரைப் பார்த்தார். நூலகர்தான் பதில் சொன்னார். "உங்களைப் பத்திப் பேசமாட்டாங்க தம்பி."

"ஒண்ணுமே?"

"நாங்களும் கிண்டிப் பாத்திருக்கோம். எப்படிப் பாத்தீங்க, எப்படிக் கட்டிக்கிட்டீங்கன்னு. உடனே பேச்சு பிரின்சிபால்கிட்ட போயிடும். மூணு வருஷத்துல..." அவர் நிறுத்தினார். ஏதோ சேர்த்துச் சொல்லப்போகிறார் என்று பட்டது. சொல்லவில்லை. கைக்குட்டையை மடித்தார். "வீட்ல ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க தம்பி?"

அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அவருக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவருக்குக் கிடைக்காத பங்கு ஒன்று இங்கே, இந்தச் சோபாவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நிறைய" என்றேன். "தூங்கற வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருப்போம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நூலகர் தலையாட்டினார். நாலு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சற்று நன்றாக இருந்தது.

அவர்கள் போனதும் கல்லூரிக்குப் போன் செய்து துறைத் தலைவரிடம் சனிக்கிழமையே வருகிறேன் என்றேன். விடுமுறைதான், காவலாளியிடம் சாவி இருக்கும் என்றார். அவள் மேஜையை நான் திறப்பேன். அவள் நாற்காலியில் நான் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து ஹார்ன் அடிக்கும்போது, போய் வந்துவிட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் அந்தத் தாள்.

மாமியார் வளைவில் வேகத்தைக் குறைத்தேன். வளைவு இழுத்துப் பிடித்தது. அவ்வளவுதான். அவள் அந்த இடத்தில் யாரைப் போலப் பேசிக் காட்டினாள், எதற்குச் சிரித்தார்கள் என்பது தாளில் இல்லை. கோர்ட்டில் ஏழு கிலோமீட்டர் நேராகப் போனேன். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பாலம் ஐந்து தடவை தூக்கிப் போட்டது. பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். பெயர்களை எடுத்துக்கொண்டு வந்தால் அவளும் கூட வருவாள் என்று நினைத்திருக்கிறேன் போல. படித்தவன் புத்தி.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நூலகருக்குப் போன் செய்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க தம்பி. காரைக் கழுவிக்கிட்டிருக்கேன். நாளைக்குப் போகணுமே."

"நான் பல் டாக்டர் பாலத்துல நிக்கறேன் சார்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "தனியாவா?"

"தனியா."

"நாங்க ஞாயித்துக்கிழமைன்னுதானே..." முடிக்கவில்லை. அவர் கோபப்படக் காத்திருந்தேன். திட்டினால் போய்க்கொண்டே இருக்கலாம். "சரி. என்ன வேணும்?"

"இந்த இடத்துல அவ என்ன பேசுவா?"

"ஏன், தூங்கற வரைக்கும் உங்ககிட்ட பேசினவங்கதானே? இதைச் சொல்லலியா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. எதிரே ஒரு பஸ் போனது.

"பொய் சார். நாங்க பேசவே மாட்டோம். வருவா, பக்கத்துல உட்காருவா. அவ்வளவுதான். எல்லாத்தையும் உங்க கார்லயே பேசித் தீத்துட்டு வருவா."

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன்.

"தீத்துட்டு வரல தம்பி" என்றார். "பன்னெண்டாவது கிலோமீட்டர்ல தண்ணித் தொட்டி இருக்கு இல்ல? சாயங்காலம் அது கண்ணுல பட்டதும் வாயை மூடிடுவாங்க. பேச்சு பாதியில இருந்தாலும் சரி, ஒரு வார்த்தை பாதியில இருந்தாலும் சரி. எங்களையும் பேச விடமாட்டாங்க. மறுநாள் காலைல அதே தொட்டிகிட்ட, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. மேடம் கேலி பண்ணுவாங்க. எதுக்குன்னு கேட்டா, வீடு வருதுல்லன்னு ஒரு தடவை சொன்னாங்க."

"இதை நீங்க அன்னிக்குச் சொல்லல."

"சொல்லல." மூச்சு விட்டார். "மூணு வருஷம் அந்தத் தொட்டியைப் பாத்தாலே எனக்கு ஆகாது. எதுக்கு உங்களுக்குச் சொல்லணும்?"

நான் காரின்மேல் சாய்ந்துகொண்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் சொல்லாம வெச்சிருந்தேன்" என்றார். "கடைசி நாள், செவ்வாய்க்கிழமை. தொட்டி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அவங்களாவே ஆரம்பிச்சாங்க. 'நேத்து எங்க வீட்டுக்காரர் ஒண்ணு பண்ணினார் பாருங்க அண்ணே'ன்னாங்க. மூணு வருஷத்துல முதல் தடவை. நான் வண்டியை மெதுவாக்கினேன். அதுக்குள்ள தொட்டி தெரிஞ்சிடுச்சு. சிரிச்சுக்கிட்டே மூடிட்டாங்க. மறுநாள் காலைல உங்க அக்கா போன் பண்ணி, ஆஸ்பத்திரில இருக்காங்கன்னாங்க."

அன்று விடியும்போது அவளுக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்து போனாள்.

"நாலு மாசமா அதுதான் தம்பி எனக்கு. நாளைக்கு வண்டியில வெச்சுக் கேக்கலாம்னு இருந்தேன். அப்படி என்ன பண்ணினீங்க?"

அந்தத் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தேன். இதுவரை அந்த நாள் பக்கமே போனதில்லை. மூன்று விஷயம் கிடைத்தது.

"எதுன்னு தெரியல சார்" என்றேன். "சமையலறைக் குழாயை நானே சரி பண்றேன்னு கழட்டி, மூட முடியாம, கட்டைவிரலால அடைச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் நின்னேன். அவ வந்து பாத்துட்டு, வெளியில போய் மெயின் வால்வை மூடினா. அப்படி ஒரு வால்வு இருக்கறதே எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேசல."

அவர் சிரித்தார். உடைந்துகொண்டே சிரித்தார். "இன்ஜினியரு. ரோடு ஆபீஸு."

"அப்புறம், அவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பேப்பர் படிச்சிருக்கேன். அரை மணி நேரம் தெரியாமலே."

"இதா இருக்கும். இல்ல, குழாய். குழாயைத்தான் நடிச்சுக் காட்டியிருப்பாங்க." மூக்கை உறிஞ்சினார். "வேற?"

"வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"சரி, திரும்பி வாங்க தம்பி. நாளைக்கு ஆறரைக்கு எல்லாருமாப் போகலாம். கார் பளபளன்னு இருக்கு."

மூன்றாவது ஒன்று இருந்தது. அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என் பங்கு, அதை அவருக்குச் சொல்லவில்லை. நாளைக்கும் சொல்லமாட்டேன்.

சாலையின் நடுத்தடுப்பில் அடுத்த திறப்பு அறுபத்து நாலில். அங்கே போய் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.