தேய்த்தே தேய்ந்த பானெட்

அந்த நீலக் காருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! ஞாயிறு விடிந்தால் கணவர் வாளியும் துணியுமாக வாசலில் ஆஜர். கட்டின பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடத் தெரியாது. காரை மட்டும் கைக்குழந்தை மாதிரி தடவித் தடவி மினுக்குவார். தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'பாலிஷ்'தான்.

அவள் நர்ஸ். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாச்சு, இன்னும் இந்தக் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கேட்டால், "நீ ஓட்டினா கீறல் விழும்மா" என்பார். இப்போது ஊருக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஷிப்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. நாளைக்குச் சேரணும். கார் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. நேற்று கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றார். அவர் பார்த்துக் கிழித்தது அவளுக்குத் தெரியாதா?

வாசலுக்கு வந்தாள். பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"துணியில என்ன நீலமா?"

"அழுக்கு."

"அழுக்கு நீலமாவா இருக்கும்?"

கார் பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு போன் போட்டு, அவர் பக்கத்தில் வைத்திருந்த பாலிஷ் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"ஐயோ மச்சான்!" ஸ்பீக்கரில் தம்பி அலறினான். "அது மினுக்கற மெழுகு இல்ல, கீறல் எடுக்கற காம்பவுண்ட். பெயின்ட்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். வெயில் மழைக்கு அதுதான் கவசம். தேய்க்கத் தேய்க்க அதைத்தான் அரிக்கும். எப்பவாவது லேசா போடலாம், வாராவாரமா போடுவாங்க? துணியில கலர் வருதுன்னா கவசம் போச்சு. மறுபடி பூச்சு அடிச்சாத்தான் உண்டு."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்று கணவர் இன்னும் கொஞ்சம் காம்பவுண்டைத் துணியில் எடுத்தார். கொழுப்பைப் பாருங்கள்!

அவளுக்கு வந்ததே ஆத்திரம்! "நான் ஓட்டினா கீறல்தான் விழும். நீங்க நிறுத்தி வச்சே தோலை உரிச்சிட்டீங்க!"

சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. இத்தனை நாள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்காமலே எடுத்தாள். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். பதற்றத்தில் என்ஜின் ஒரு தடவை அணைந்துபோனது. மறுபடி திருகினாள்.

அவர் துணியைப் போட்டுவிட்டு காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"நகருங்க."

"மாட்டேன்."

"அப்ப நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்து நில்லுங்க. மறுநாளும் நில்லுங்க. நான் வேலைக்குப் போறது போறதுதான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று புரிந்திருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கி கேட்டைத் திறந்துவிட்டார்.

தெருமுனை தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எந்தத் திருப்பத்தில் திரும்பணும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.