மூடிக்குள் ஒரு பெருமூச்சு

"நான் வேலைக்குக் கிளம்பும்போது போகாதேன்னு மட்டும் சொல்லிடாதே," என்றான் அவன், கல்யாணமான புதிதில். "அது காதுல ஒட்டிக்கிச்சுன்னா, மேலே கிளையைப் பார்க்க வேண்டிய நேரத்துல உன் மூஞ்சிதான் தெரியும்."

"என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"பார்த்தா கண்ணை எடுக்க முடியல. அதான் ஆபத்து."

"சரி, சொல்லல. ஆனா உங்க ரம்பத்தை என்னைத் தவிர வேற யாரும் பிரிக்கக் கூடாது."

"ஒத்துக்கிட்டேன், மெக்கானிக்கு."

இருவரும் பேச்சு மாறவில்லை. அவன் மரம் வெட்டப் போவான். அவள் வீட்டு முன்னறையிலேயே நடத்தும் ரிப்பேர் கடையில் மோட்டார் ரம்பங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வேன் திரும்பும் சத்தத்துக்காக ஒரு காதை வாசலில் வைத்திருப்பாள்.

அவளுடைய தம்பியும் அவனோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சில மாதங்களுக்கு முன், பாதி அறுத்த மரம் ஒன்று முறுக்கிக்கொண்டு பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்தபோது, அதன் அடிப்பாகம் எகிறித் தம்பியின் மார்பில் மோதியது. தம்பி போய்விட்டான். அந்த மரம் மட்டும் விழவில்லை. இன்னும் அப்படியே அந்தரத்தில் சாய்ந்து நிற்கிறது.

கிரேன் வைத்து இறக்கலாம், அடுத்த வாரம் வரும் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். இவன்தான் கேட்கவில்லை. "சின்னவன் தொட்ட மரத்தை எவனோ மெஷினால பிடுங்கிப் போடுறதா? நான் முடிக்கிறேன்." அவ்வளவு பருமனான மரத்துக்கு வீட்டில் இருந்தது ஒரே ரம்பம்தான், தம்பியுடையது.

அந்த ரம்பம் அவனோடு வர மறுத்தது.

அவளுடைய மேசையில் குழந்தை தூங்குவதுபோல் சீராக ஓடும். அவன் தூக்கிக்கொண்டு போய் கேட் அருகே கிடக்கும் காய்ந்த கட்டையில் வைத்துச் சோதித்தால், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். முந்தாநாள் நின்றது. நேற்று நின்றது. இன்று காலை பனி விலகுமுன்பே இரண்டு தரம் நின்றுவிட்டது.

"உண்மையைச் சொல்லு," என்றான் அவன். "நீதானே கார்புரேட்டர் திருகை மாத்தி வைக்கிறே?"

"உங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணவா?"

"என் தலையை விட்டுடு. இன்னிக்கு அது எனக்கு வேணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த எண்ணம் வராமல் இல்லை. காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைத் திருத்தும் அந்தச் சின்னத் திருகைக் கால் சுற்று முறுக்கினால் போதும். எந்த ரம்பமும் சண்டித்தனம் பண்ணும். ஆனால் தன் மேசைக்கு வந்த இயந்திரத்துக்கு அவள் இதுவரை துரோகம் செய்ததில்லை.

"இங்கேயே உட்காருங்க. உங்க கண்ணு முன்னாலயே பார்க்கிறேன்."

காற்று வடிகட்டியைத் தட்டிப் பார்த்தாள், சுத்தம். ஸ்பார்க் பிளக் நல்ல பழுப்பில் இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி உள்ளிருந்த மெல்லிய சவ்வை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டையில்லை, சுருக்கமில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுத்து, காதைச் சாய்த்துக்கொண்டு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். சத்தம் வழுவழுவென்று வந்தது.

"எடுத்துட்டுப் போங்க."

அவளும் பின்னாலேயே போனாள். ரம்பம் கட்டையில் இறங்கியது. சற்று நேரத்தில் அதன் சத்தம் மெலிந்து மேலே ஏறியது, ஏதோ சொல்ல வந்தவர் மூச்சை உள்ளே இழுப்பதுபோல. பிறகு நின்றது. தெருவில் அப்போது ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

அவள் குனிந்து பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகினாள்.

ஹா... என்று நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

அவன் ஒரு அடி பின்வாங்கினான். "சின்னவன்கூட இப்படித்தான்... ஏதாவது கேக்கறதுக்கு முன்னாடி..."

"சும்மா இருங்க. டேங்க்கு காத்து இழுக்குது, அவ்வளவுதான்." சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. மேசையில் சோதிக்கும்போதெல்லாம் மூடியை லேசாகத் தளர்த்தியே வைக்கிறாள். அது அவள் பழக்கம். வெளியே கொடுக்கும்போது இறுக்கி மூடிய பிறகுதான் ரம்பம் திணறுகிறது. டேங்குக்குள் காற்று போகும் சின்னத் துளை அடைத்திருக்க வேண்டும்; காற்று போகாமல் பெட்ரோல் இறங்காது. கார்புரேட்டர்மேல் குற்றமேயில்லை.

கைப்பிடிக்கு அடியில் துளையைத் தேடிப் பிடித்து, ஊசியால் குத்தி இழுத்தாள். அவள் உள்ளங்கையில் கொஞ்சம் மரத்தூள் விழுந்தது.

சிவப்புத் தூள். ஈரமாக இருந்தது. மரப்பால் வாசனை பச்சையாக வீசியது.

தம்பி போனபின் ரம்பம் வீட்டுக்கு வந்த அன்றே பிரஷ் போட்டு, காற்றடித்து, அந்தத் துளை உட்பட அவளே துடைத்து வைத்தது. அதற்குப் பிறகு அது கடித்ததெல்லாம் இந்தக் காய்ந்த வெள்ளைக் கட்டையை மட்டும்தான்.

அவன் குனிந்து மோந்து பார்த்தான். முகம் வெளிறியது. "அந்த மரம்," என்றான்.

"உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்குங்க."

"எனக்கும்தான். அதுக்காக விட்டுட முடியுமா? அவன் கூப்பிடுறான்னுதான் எனக்குத் தோணுது."

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கூப்பிடுகிறவன் எதற்காக வழியை அடைக்க வேண்டும்? தூளைத் திரும்ப அந்தத் துளையிலேயே அழுத்திவிடலாம். அவன் கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். கட்டைவிரல் ஒரு கணம் துடித்தது. ஆனால் கை வரவில்லை. தூளைத் தரையில் உதறினாள். துளையை ஊதிச் சுத்தம் செய்து, மூடியை இறுக்கிக் கயிற்றை இழுத்துக் கொடுத்தாள்.

ரம்பம் ஓடியது. கட்டை இரண்டாகி, நான்காகியும் நிற்கவில்லை. அவன் வெறித்துப் பார்த்துக்கொண்டே, அணைத்தால்தான் நிற்கும் என்று புரிந்து, சுவிட்சை அணைத்தான்.

"சரி பண்ணிட்டே, மெக்கானிக்கு," என்றான் தணிந்த குரலில். அதில் வழக்கமான கேலி இல்லை. ரம்பத்தை வேனின் பின்னால் ஏற்றிவிட்டு முன்கதவைத் திறந்தான்.

இத்தனை நாளும் அவளுக்காக யாரோ கேட்டருகே அவனை மறித்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று அவள் யோசிக்க விரும்பவில்லை. அந்த மறிப்பை அவளே தன் கையால் எடுத்துப்போட்டுவிட்டாள். இனி மறிக்க வேறு ஆளில்லை.

அவன் சாவியைத் திருப்பினான். அவள் ஓடிப்போய், மூடவிருந்த கதவுக்கு நடுவே நின்றாள்.

"என்ன?" என்றான் அவன்.

கிரீஸ் படிந்த இரண்டு கைகளாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க."