படிக்கட்டில் எண்பத்து மூன்றாம் சங்கீதம்

பஸ்கா முடிந்த மறுநாள் என் மனைவி மர்செலை அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து எண்ணினால் அறுபத்தேழாம் வருஷம் மே மாதத்தின் கடைசி நாள் முப்பதாவது நாள். அன்று காலை ஜெபத்தோடு துக்கம் முடிகிறது என்பது சட்டம். எனக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை என்று தோன்றியது.

கணவனும் தகப்பனும் அவளுக்காகக் கத்தீஷ் என்ற இரங்கல் ஜெபத்தைச் சொல்ல அதுதான் கடைசி வேளை. கத்தீஷைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் யாருமே இல்லாத மாதிரிதான்.

இஸ்ரேலில், அஃபுலா ஊரில், எங்கள் ஜெப ஆலயத்துக்கு இரண்டு தளம். மேலே ஹங்கேரியிலிருந்து வந்த யூதர்கள், கீழே பாக்தாத்திலிருந்து வந்தவர்கள். நான் மேலே. மர்செலின் அப்பா ஹெஸ்கேல் கீழே. ஒரு மாதமாக அவர் அங்கே சொன்னார், நான் இங்கே சொன்னேன். கல்லறைத் தோட்டத்திலும் அவர்களுக்கு ஒரு வரிசை, எங்களுக்கு ஒரு வரிசை. நான் எங்கள் வரிசையில் குழி எடுக்கச் சொன்னேன். மாமா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

போர் இன்னும் வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜன்னல்களில் காகிதம் ஒட்டினோம். பேருந்துகளைப் படை எடுத்துக்கொண்டது, பிறகு ஆட்களையும். எனக்கு இடது காது கேட்காது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என்னை விட்டுவிட்டார்கள்.

அன்று காலை மேல்தளத்தின் பொறுப்பாளர் வைஸ்பெர்கர் தலைகளை எண்ணினார். மனிதர்களை எண் சொல்லி எண்ணக் கூடாது. பத்துச் சொல் கொண்ட ஒரு வசனம் இருக்கிறது. தலைக்கு ஒரு சொல். "உமது மக்களைக் காத்து, உமது உரிமைச் சொத்தை ஆசீர்வதியும்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். எபிரேயத்தில் அது ஆறாவது சொல்.

"நேத்து சாயங்காலம் மூணு பேரைப் படைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார். அவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். பேசும்போதும் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார். "ஏழு மணிக்கு லாரி வந்துடும். பள்ளிக்கூடத்துல பதுங்குகுழி வெட்டணும். அம்ராம், நீ கீழே போ. எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்து மேல கூப்பிடு."

"அவங்க வர மாட்டாங்க."

"உன் மாமனாருக்கும் இன்னிக்குத்தானே முப்பது? வருவார் போ."

சட்டைப் பையில் ஒரு தாள் வைத்திருந்தேன். முப்பதாம் நாளில் குடும்பத்தில் ஒருவர் ஏதாவது வேத விளக்கம் சொல்ல வேண்டும். படித்தவன் என்பதால், அந்த வாரம் முழுக்க நாங்கள் வாசித்துவந்த எண்பத்து மூன்றாம் சங்கீதத்துக்குப் பொருள் சொல்லச் சொல்லியிருந்தார் வைஸ்பெர்கர். எதிரிகள் சுற்றி வளைக்கும் சங்கீதம். வேலை நேரத்தில் நாலு முறை படித்தேன். தாளில் மூன்று வரிதான் எழுத முடிந்தது. மூன்றும் கேள்விகள்.

கீழே நாலு பேர் இருந்தார்கள். மாமா சுவரைப் பார்த்து நின்றிருந்தார். முப்பது நாள் தாடி. என்னுடையது போலவே ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது.

குர்ஜிதான் பேசினார். கடைத்தெருவில் சூரியகாந்தி விதை வறுத்து விற்பவர். "வாங்க மாப்ள. மேல எத்தனை?"

"ஆறு."

"இங்க நாலு. கணக்கு சரியா வந்துடுச்சு. எல்லாரையும் கீழே வரச் சொல்லுங்க."

"மேல கூப்பிடறாங்க."

"மேலயா? மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க வைஸ்பெர்கர் எங்க ஜெபத்தைக் கேட்டுட்டு என்ன சொன்னாரு? காய்கறி ஏலம் மாதிரி இருக்குன்னாரு. ஏலக்காரன் ஏணி ஏற மாட்டான்னு போய்ச் சொல்லுங்க."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

படியில் பாதி ஏறுவதற்குள் வைஸ்பெர்கர் மேலே வாசலுக்கு வந்துவிட்டார். குர்ஜி கீழ்ப் படியில் நின்றார். நான் நடுவில்.

"என்னய்யா, வர்றீங்களா இல்லையா?"

"நீங்க இறங்குங்கண்ணே. முட்டி வலிக்கும்னா நான் தூக்கிட்டு வர்றேன்."

"ஆறு பேர் இருக்கற எடத்துக்கு நாலு பேர் வர்றதுதான் நியாயம்."

"நியாயமா? நேத்து ரேடியோ கேட்டீங்களா? ஜோர்டானும் எகிப்தும் ஒண்ணு சேந்து சண்டை போடறதா கையெழுத்துப் போட்டுட்டாங்க. ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் மூஞ்சியில முழிக்காதவங்க! சங்கீதத்தை எடுத்து எண்ணிப் பாருங்க. ஏதோமியன், இஸ்மவேலன், மோவாபியன், ஆகாரியன், கேபாலன், அம்மோனியன், அமலேக்கியன், பெலிஸ்தியன், தீரு, அசீரியன். பத்து! நம்மள ஒழிச்சுக்கட்ட அவனவனுக்குப் பத்துப் பேர் சேந்துடறான். ஒரு கத்தீஷ் சொல்ல நமக்குச் சேரல."

"ஆளுங்களை விரல் விட்டு எண்ணாதேய்யா!"

"செத்துப்போன ராஜ்ஜியங்களைத்தானே எண்ணறேன்?"

சத்தம் கேட்டு மேலேயிருந்து நாலு பேரும் வாசலுக்கு வந்தார்கள். கீழேயிருந்து இரண்டு பேர். ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியாக மாமா வந்தார். கீழ்ப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று மேலே பார்த்தார்.

வைஸ்பெர்கர் திடீரென்று நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

"ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்," என்றார். "வேற வேற எடத்துல நின்னாலும் ஒரே கூட்டம்தான். சட்டத்துல இருக்கு."

"அப்ப யாரும் யார் எடத்துக்கும் போக வேணாம்?"

"இங்கயே நிக்கலாம்."

அவர் மேலிருந்து வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறாவது சொல் என்னிடம் நிற்கவில்லை, என்னைத் தாண்டிப் போயிற்று. "அவர்களை மேய்த்து, என்றென்றைக்கும் சுமந்தருளும்." பத்தாவது சொல்லுக்கு மாமா தலையசைத்தார்.

சண்டை போட வந்தவர்கள் அப்படியே நின்று ஜெபித்தோம். மேலே வேகம் அதிகம், கீழே ராகம் அதிகம். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தோம். யார் முன்னால் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சங்கீதத்தை வாசித்து முடித்தபோது தெருவில் லாரியின் ஹாரன் கேட்டது.

"அம்ராம், சீக்கிரம்," என்றார் வைஸ்பெர்கர்.

தாளை எடுத்தேன்.

"எதிரிகள் ஒரே மனசா கூடினாங்கன்னு இதுல வருது," என்றேன். "நம்மளப் பத்தி அப்படி ஒரு வரி இந்தச் சங்கீதம் முழுக்க இல்ல. பாடினவருக்கு அவங்க மேல பயமா, பொறாமையான்னு எனக்குத் தெரியல. முடிவுல, அவங்க வெக்கப்பட்டு ஆண்டவரே உங்க பேரைத் தேடணும்னு கேக்கறார். அடுத்த வசனத்துலயே அவங்க அழியணும்கறார். அழிஞ்சா எப்படித் தேடுவாங்க? அவருக்கு எது வேணும்னு அவருக்கே தெரியலயோ என்னவோ."

"பதில் என்ன?" என்றார் வைஸ்பெர்கர்.

"எழுதல."

"இதுக்கா யுனிவர்சிட்டி போனீங்க மாப்ள?" என்றார் குர்ஜி. சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. மறுபடி ஹாரன்.

"கத்தீஷ் சொல்லுங்க ரெண்டு பேரும். நாங்க கெளம்பணும்," என்றார் வைஸ்பெர்கர்.

தொடங்கினோம். கத்தீஷில் சாவு என்ற சொல்லே கிடையாது. அவர் பெயர் பெரிதாகட்டும் என்றுதான் வரும். பாக்தாத்காரர்களின் பாடத்தில் தொடக்கத்திலேயே ஒரு வரி கூடுதல். அது எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கத்தில் தாண்டிப் போய்விட்டேன். மாமா அந்த வரியில் இருந்தார். இரண்டு குரலும் மோதின. நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். மேலே ஒருவர் ஆமென் சொல்லிவிட்டார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"முதல்லருந்து," என்றார் குர்ஜி. குரலில் கேலி இல்லை.

மறுபடி தொடங்கினோம். அந்த இடம் வந்தது. இந்த முறை நான் அவருக்காக நின்றேன்.

அவரும் சொல்லவில்லை. எனக்காக அந்த வரியை விட்டுவிட்டிருந்தார். அவர் என் பாடத்தின் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார், நான் அவர் வரிக்கு. பத்துப் பேரும் அசையவில்லை. மாமா என்னைப் பார்த்தார். அவள் கண்கள்தான் அவருக்கு. அதை அன்றுவரை நான் கவனித்ததில்லை.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அடுத்த சொல்லை எடுத்தோம். கடைசிவரை சேர்ந்தே போனோம். நடுவில் என் குரல் கேட்கவில்லை. அவருடையதைத்தான் கேட்டேன். ஆமென் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வந்தது.

எல்லோரும் லாரிக்கு ஓடினார்கள். வைஸ்பெர்கர் போகிற போக்கில் என் தோளைத் தட்டினார். வரி விட்டுப்போன கத்தீஷ் கணக்கில் சேருமா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மாமா ஜெபச் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நமக்கு இன்னியோட முடிஞ்சுது," என்றார். முப்பது நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"ஆமா மாமா."

"மத்தவங்க ஜெபிக்க நாளைக்கும் பத்துப் பேர் வேணும். நீ வரலன்னா ஒம்பது பேர வெச்சு என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப வா."

"எங்க? மேலயா, கீழயா?"

அவர் படிகளை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியல," என்றார். "நீ வா."