சீராக வந்த கம்பியூட்டர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி சுந்தரம்மா, மகன் மாடசாமி, மருமகள் சந்திரகாந்தா, அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கை நல்லம்மா. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிறகு சிலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

பேச்சு கம்பியூட்டரைப் பற்றியது. 2007ஆம் ஆண்டு, மாசித் தேருக்குச் சில வாரம் முந்தி. சந்திரகாந்தா வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குத் தமிழில் டைப் செட்டிங் செய்து கொடுப்பாள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடை பில் புத்தகம் என்று எங்கள் ஊர் மாத்தளையில் பல அவள் கையால் ஆனவை. அந்த வருடம் முதல் தடவையாகக் கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ் அவளிடம் வந்திருந்தது. அதுவரை கண்டிக்குப் போய்க்கொண்டிருந்த வேலை. புதன்கிழமை அச்சுக்குப் போகாவிட்டால் மறுபடியும் கண்டிக்கே போய்விடும். பிறகு திரும்பி வராது. கம்பியூட்டரோ, அம்மன் படத்தை நோட்டீஸில் வைத்தவுடன் அசையாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் செய்த வேலை பாதி காணாமல் போயிருக்கும்.

மாடசாமி புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றான். நல்லம்மாவும் அதையே சொன்னாள். நான் ஒப்பவில்லை.

அது சீராக வந்த பொருள். சம்பந்தி செல்லச்சாமி நாவுலவில் மரக்கறி வியாபாரி. கல்யாணத்தின்போது அதைத் தன் லொறியில் ஏற்றி வந்து, தெருமுனையில் இறக்கி, சீர்த் தட்டுகளுக்கு நடுவே பட்டுத் துணி போர்த்தி, நாதஸ்வரத்தோடு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களில் குத்துவிளக்கு வரும், அலுமாரி வரும். கம்பியூட்டர் வந்ததை அதுவரை யாரும் கண்டதில்லை. தெருவே நின்று பார்த்தது. உள்ளே வந்ததைப் பார்த்த தெரு, வெளியே போவதையும் பார்க்கும். பெண் கொடுத்த வீட்டுப் பொருளை ஒதுக்கினார்கள் என்ற பேச்சு என் வீட்டுக்கு ஆகாது. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றட்டும், பெட்டி இருக்க வேண்டும் என்றேன்.

நாவுலவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்களே ஏதாவது செய்வார்கள் என்று நல்லம்மா ஆரம்பித்தாள். நான் அவளை அதோடு நிறுத்தினேன்.

"பழசாப் போச்சுன்னு சொன்னா, புதுசு குடுன்னு கேக்குற மாதிரி. ஒருக்கா சீர் வாங்குன வீட்ல மறுபடி கேக்குற பழக்கம் நமக்கு இல்ல."

சந்திரகாந்தா அப்போதுதான் பேசினாள்.

"மாமா, பெட்டி எதுவா இருந்தாலும் எனக்கு ஒன்னுதாங்க. புதங்கெழம நோட்டீஸ் போகணும். அத மட்டும் பாருங்க."

நியாயமான பேச்சு. அந்தக் கம்பியூட்டரை முதலில் விற்றவர் தம்புள்ளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், இத்ரூஸ் நானா. பழைய மெஷினுக்கான சாமான் அவரிடம்தான் கிடைக்கும். மாடசாமி கொண்டுபோகிறேன் என்றான். விடவில்லை. வாலிபன், தமிழன், மடியில் கம்பியூட்டர். வழியில் ஆமிக்காரர்கள் எங்கே இறக்குவார்கள், எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாத யுத்த காலம் அது. நானும் மருமகளும் போவதாக முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டேன். மொனிட்டர் வீட்டிலேயே இருந்தது. சந்திரகாந்தா சோற்றுப் பார்சலையும் சீடிகளையும் ஒரு பெரிய பையில் வைத்திருந்தாள்.

நாவுலவில் சோதனை. எல்லாரும் சாமானோடு இறங்க வேண்டும். விரிப்பை அவிழ்க்கச் சொன்ன சிப்பாய், பெட்டியின் முகப்பில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்து, இது கோயில் பொருளா என்று சிங்களத்தில் கேட்டான். வருடா வருடம் சரஸ்வதி பூசைக்கு வைத்த பொட்டு அது. கோயில் வேலைக்காகத்தான் கொண்டுபோகிறோம் என்றேன். உண்மைதானே. ரோட்டோரப் புழுதி கண்ணில் விழ, சந்திரகாந்தா முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றாள். அவள் பிறந்து வளர்ந்த ஊர். எதிரே இருந்த கடைகளில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. கூப்பிட்டு விசாரிக்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை. சோதனை முடிந்து பஸ்ஸில் ஏறினோம்.

இத்ரூஸ் மூடியைக் கழற்றி ஊதினார். பொரி பறந்தது. பின்னால் செத்த எறும்புகள். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் சுந்தரம்மா பொரித் தட்டைப் பெட்டியின் தலையில்தான் வைப்பாள்.

"மெமரி கூட்டக் கொண்டுவந்தீங்க ஐயா. அதுக்கு முந்தியே தீனி போட்டீக்கிறீங்களே" என்றார்.

பொரி சிக்கி உள்ளே விசிறி நின்றுபோயிருந்தது. அந்தச் சூட்டில் மற்றதும் கெட்டிருந்தது. சுத்தம் செய்தால் ஓடும், ஆனால் புதன்கிழமை வரை ஓடும் என்று பொறுப்பேற்க முடியாது என்றார். மெமரியைக் கூட்டினால் போர்ட் தாங்காது. போர்டை மாற்றினால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

"கடைசீல பெட்டி மட்டுந்தான் மிஞ்சும் ஐயா. அதுக்குப் புதுசே எடுக்கலாம் தானே?"

நான் மருமகளைப் பார்த்தேன். இதையே பிடித்துக்கொண்டு, புதிது வாங்கச் சொல்லி அவள் என்னோடு வாதாடியிருக்கலாம்.

"மாமா சொன்ன மாதிரி பெட்டி இருக்கட்டும், நானா" என்றாள் இத்ரூஸிடம். "உள்ளுக்கு எல்லாத்தையும் மாத்துங்க."

மாற்றி, பழைய வேலைகளையும் தமிழ் எழுத்துகளையும் புதிய டிஸ்க்கில் ஏற்றி, கடையிலிருந்த மொனிட்டரில் நோட்டீஸைத் திறந்து பார்த்தாள். அம்மன் படம் வந்து உட்கார்ந்தது. எதுவும் நிற்கவில்லை. அவள் முகத்தில் நிம்மதியைப் பார்த்த பிறகுதான் நான் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

மாலையில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் வாசலில் சம்பந்தியின் லொறி நின்றது. கூடத்தில் செல்லச்சாமி கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. நடந்ததைச் சுந்தரம்மா எத்தனையோ விதமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லையாம். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சம்பந்தி, எம்புள்ள என்ன தப்பு பண்ணுச்சு? சீரோட கொண்டாந்து நாவுலவுல எறக்கி, அழ விட்டீங்கன்னு ஊரே சொல்லுது."

"அப்பா, கண்ணுல தூசி" என்றாள் சந்திரகாந்தா. "மெஷின் பழுது பாக்கப் போனோம். ரெண்டு பேருந்தானே வந்து நிக்கிறோம்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பெட்டியை, அதிலிருந்த பொட்டைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

"இந்தப் பொட்டிக்காகவா இந்த வயசுல பஸ்ல சொமந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே புதுசு அனுப்பியிருப்பேனே."

"அதனாலதான் சொல்லல" என்றேன்.

அவர் வியாபாரி. அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆறின தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார். சுந்தரம்மா வேறு போட்டுத் தருவதாகச் சொன்னதையும் கேட்கவில்லை. சந்திரகாந்தா அதற்குள் வயர்களைப் பொருத்தி நோட்டீஸில் உட்கார்ந்துவிட்டாள். உபயகாரர் பெயர்களில் தன் பெயரின் முதலெழுத்து தவறாக இருப்பதாக அவள் அப்பா பின்னால் நின்று சொன்னார். திருத்தினாள். புதன்கிழமை காலை நோட்டீஸ் அச்சுக்குப் போயிற்று. அடுத்த வருட நோட்டீஸும் இங்கேதான் ஆனது. பெட்டியின் தலையில் இப்போது எதுவும் வைப்பதில்லை. பொரித் தட்டு பக்கத்தில் முக்காலியில் இருக்கும்.

நான் மருமகளைச் சீரோடு தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டேன் என்றும், செல்லச்சாமி ஆள் சேர்த்து வந்து திரும்பக் கொண்டுவிட்டார் என்றும் நாவுலவில் இன்னும் சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. நாவுலவில் நாங்கள் சோதனைக்கு இறங்கினோம். அதே பஸ்ஸில் ஏறித் தம்புள்ளைக்குப் போனோம். செல்லச்சாமி தனியாகத்தான் வந்தார், தனியாகவே திரும்பிப் போனார்.