ஓர் எழுத்துகூடப் போகவில்லை

என் வீட்டுக்காரரின் கணினி செத்த அன்றே, நான்தான் கொலைகாரி என்று தீர்ப்பாகிவிட்டது. மேசையைத் துடைக்கும்போது இடித்துவிட்டேனாம். உள்ளே இருந்தது, கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுதிக்கொண்டிருந்த மாபெரும் நாவல். அதற்காகவே அவர் வேலைக்குப் போகவில்லை. நான் போனேன்.

செய்தி பரவியதும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு வரி வெளியாகாமலே என் வீட்டுக்காரர் பெரிய எழுத்தாளராகிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் கணினியை ஆன் செய்து, ஹார்டு டிஸ்க்கின் 'டிக்... டிக்...' சத்தத்தைக் கேட்க வைப்பார். அவர்கள் தலைகுனிந்து கேட்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

"துடைக்கிறப்ப கொஞ்சம் பாத்துத் துடைச்சிருக்கலாம்ல அண்ணி?" என்றாள் நாத்தனார், நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரிப்பேருக்குக் குடுத்துப் பாக்கலாங்க," என்றேன்.

"வேணாம்! போனது போனதுதான். நிம்மதியா விட்டுடு," என்றார் அவர். இத்தனை வேகமாக அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை.

நாவலுக்கு இரங்கல் கூட்டம் நடத்த மண்டபம் பார்க்க அவர் போன நேரத்தில், திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்று மாலை கணினியில் சத்தமே வராததைப் பார்த்து, "முழுசா அடங்கிடுச்சு," என்று அவருடைய நண்பர் ஒருவர் கண்கலங்கினாராம்.

ரிப்பேர் கடைக்காரி என்னைவிடச் சின்னவள். மேசை நிறைய வயிறு திறந்த கணினிகள். டிஸ்க்கைத் தன் கணினியில் பொருத்தி, சத்தத்தை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அணைத்தாள்.

"இது இடிச்சதால இல்லக்கா, வயசாயிடுச்சு. இந்த நிலைமைல இதைத் திரும்பத் திரும்ப யாரு ஆன் பண்ணது?"

"துக்கம் கேக்க வந்தவங்களுக்காக," என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நல்லபடியாக இருந்த பகுதிகளை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தாள். அடம்பிடித்த இடங்களுக்குப் பிறகு பொறுமையாகத் திரும்பிப் போனாள். கூட்டம் நடக்கவிருந்த அன்று காலை என்னைக் கூப்பிட்டு, நாவலைத் திறந்து காட்டினாள்.

தலைப்பு. சமர்ப்பணம். நீண்ட நன்றியுரை. அதைவிட நீண்ட பரிசு ஏற்புரை. பிறகு 'முதல் அத்தியாயம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே வெள்ளை வெளேர்.

"மிச்சம் வரலியாம்மா?"

"எல்லாமே வந்துடுச்சுக்கா. சட்டில இருந்தாத்தானே அகப்பைல வரும்?"

நன்றியுரையில் என்னைத் தேடினேன். இருந்தேன். 'எழுதும்போது தொந்தரவு செய்யாத மனைவிக்கு.' தெருவில் நின்று அழுதேன். எத்தனை வருடம் நாசமாய்ப் போயிற்று!

அப்போதும், அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் மண்டபத்துக்குப் போனேன். மேடையில் அவர் கைக்குட்டையோடு நின்றிருந்தார். "அஜாக்கிரதையான ஒரு கை பட்டு..." என்றார். மண்டபமே என் பக்கம் திரும்பியது.

மேடையேறி மைக்கை என் உயரத்துக்கு இறக்கினேன். "நல்ல சேதிங்க. டிஸ்க்கைச் சரி பண்ணி நாவலை எடுத்தாச்சு. ஒரு எழுத்துகூடப் போகல."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நாத்தனார் அழுதேவிட்டாள். "படிங்க! முதல் அத்தியாயம் படிங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றார்.

கடையில் அச்செடுத்து வந்த தாள்களை அவர் கையில் கொடுத்தேன். மைக்கை அவர் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

"படிங்க," என்றேன். "நான் தொந்தரவு பண்ணல."