டட்லி கியோவின் டேங்க்

சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தில் பெட்ரோல் டேங்கைக் கட்டிச் சுற்றவிட்டது என் கணவர் பெவனின் யோசனை. டேங்குக்குள் ஒரு பழைய சங்கிலி, ஒரு வாளி வினிகர். அது சுற்றச் சுற்ற, உள்ளே சங்கிலி புரண்டு துருவைச் சுரண்டியது. அந்தக் கடகட சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. நாய் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தது. மகள் கல்யாணத்துக்கு வீட்டைத் துடைத்து, கேக் செய்து, வருகிறவர்களுக்குப் படுக்கை போட்டுக்கொண்டிருந்த எனக்கும் அப்படி எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

இத்தனை பாடும் மகள் டெஸ்ஸா கேட்ட ஒரு வார்த்தைக்காக. மாப்பிள்ளை வீட்டார் பண்ணையில்தான் கல்யாணம். "நம்ம பழைய யூட்லதான் நான் அங்க போவேன். அப்பா ஓட்டணும்" என்றாள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. அந்த வண்டியில்தான் அவள் கால் பெடலுக்கு எட்டுவதற்கு முன்பே ஓட்டப் பழகினாள். வருஷக்கணக்காகக் கொட்டகையில் கிடந்ததில் அதன் டேங்க் அடியில் சல்லடையாகிவிட்டது. அதே காலத்து யூட் இந்த வட்டாரத்தில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அது டட்லி கியோவுடையது.

அதன் டேங்கைக் கழற்றி மாட்டுவதில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. காணாமல் போன டட்லியைத் தேடிப்போன ஆட்களில் பெவனும் ஒருவர். வழியில் ஏழு வேலிக் கேட்டுகளைத் திறந்து மூடிப் போகிற ஏழு கேட் பாதையில், வண்டிக்கு அடியில் இருந்த நிழலில் சுருண்டு செத்துக் கிடந்தானாம். தண்ணீர்ப் பை காய்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்து செய்து பேட்டரியும் செத்திருந்தது. டேங்கில் மட்டும் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. புழுதி எஞ்சினை அடைத்திருக்கும் என்றார்கள், வெயிலில் புத்தி கலங்கியிருக்கும் என்றார்கள். அடக்கம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பீர் குடித்துவிட்டு அவரவர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். வண்டி அவன் தங்கையின் வேலியோரம் நின்று துருவேறியது.

"செத்தவன் வண்டியில இருந்து எடுக்கணுமா?" என்றேன்.

"டேங்க்குக்கு என்ன தெரியும் லோர்னா, யாரு செத்தாங்கன்னு?" என்றார் பெவன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கழுவிய டேங்கை டெஸ்ஸாவின் தலை உலர்த்தியால் உலர்த்தினார். உள்ளே பூச்சு ஊற்றி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பரப்பினார். வெளியே கறுப்புப் பெயின்ட். பழைய டயர் ட்யூபைப் பட்டை பட்டையாக வெட்டி, டேங்குக்கும் இரும்புப் பட்டிக்கும் நடுவில் வைத்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மாட்டினார். நான் விளக்கைப் பிடித்தேன். சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய் டேங்கின் மேற்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் அழகாகச் சீவிய மரக்குச்சி ஒன்று அடைத்திருந்தது. பெவன் ஆரம்பத்திலேயே அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்திருந்தார்.

"டட்லி கெட்டிக்காரன். புழுதி உள்ள போகாம அடைச்சு வெச்சிருக்கான் பாரு" என்றார். அவர் குச்சிக்குப் பதில் பித்தளை போல்ட்டை வைத்து முறுக்கினார். போதாதென்று, சாவி போட்டுப் பூட்டுகிற புது மூடி ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் புழுதி என்றால் அப்படி ஒரு பகை. மாவு மாதிரி சிவப்புப் புழுதி. கதவிடுக்கு, ரொட்டி டப்பா, பல்லிடுக்கு எங்கும் வரும். எங்கே ஓட்டை தெரிந்தாலும் கை தானாக அடைக்கப் போகும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரிய ரோட்டில் இருக்கும் எங்கள் தபால் பெட்டிவரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பும்போது பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். காலித் தகர டின்னை யாரோ அமுக்கியதுபோல்.

"என்ன அது?"

"கல்லு."

கல் அடித்தால் எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாக இந்தப் பாதையில் கல்லடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அவர் மூடியைத் திறந்தபோது 'உஸ்ஸ்' என்று நீளமாகச் சீறியது. "வெயிலுக்குப் பெட்ரோல் அப்படித்தான் சீறும்" என்று சொல்லிவிட்டு, புகையிலை டப்பாவை எடுத்துச் சிகரெட் சுருட்ட ஆரம்பித்தார். "வண்டிக்குப் பக்கத்துல நின்னு பத்த வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன். இரண்டடி தள்ளிப் போய் நின்று பற்றவைத்தார். அந்த மனிதருக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

விடியும்போது அப்பாவும் மகளும் கிளம்பினார்கள், ஏழு கேட் பாதையில். அதுதான் குறுக்கு வழி. கல்யாண உடுப்பும் கேக்கும் புழுதியில் வரக்கூடாதென்று, நானும் என் தம்பி கிளைவும் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. டெஸ்ஸா முடியைச் சுருளாக்கும் உருளைகளைத் தலையில் மாட்டியபடி ஜன்னலில் எட்டி, "அம்மா, கேக்கை மடியில வெச்சுக்கோ. கிளைவ் மாமா ஓட்டுறாரு, நம்ப முடியாது" என்றாள். யூட்டின் பின்னால் புழுதி எழுந்து சூரியனை மறைத்தது.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலைக்காக வெளியூர் போயிருந்த கிளைவ், அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். கேக் பெட்டி பின் சீட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. "அக்கா, முட்டுக் கொடுக்க ஏதாச்சும் குடு" என்றான். அடுப்பங்கரை ஜன்னலில் வைத்திருந்த அந்த மரக்குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

கிளைவ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மோந்து பார்த்தான்.

"இது எதுல இருந்துச்சு?"

சொன்னேன். போல்ட்டையும் சொன்னேன். பூட்டு மூடியையும் சொன்னேன். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன், குச்சியின் முனையை நகத்தால் சுரண்டினான்.

"என்னடா?"

"பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குள்ள காத்துப் போகணும்க்கா. அதுக்குத்தான் அந்தக் குழாய். எல்லாத்தையும் அடைச்சா, டேங்க் உள்பக்கமா உறிஞ்சிக்கும். எஞ்சினுக்குச் சொட்டு வராது. டேங்க் நிறைய இருந்தாலும் வராது."

பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டிக்கு அடியில் சுருண்டு கிடந்தவனை நினைத்தேன். முந்தின நாள் கேட்ட அந்த 'டங்' எனக்கு இன்னொரு தடவை கேட்டது.

"தண்ணி கொண்டு போனாங்களா?" என்றான் கிளைவ்.

"ஒரு ஃபிளாஸ்க் டீ. ரெண்டு மணி நேரப் பாதைதானேன்னு..."

தார் ரோட்டை மறந்தோம். கிளைவ் தண்ணீர் கேன்களைப் பின்னால் வீசி ஏற்றினான். வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தேன். பாதை நடுவில் இருக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்களுக்கு அது எட்டாது, தெரிந்துதான் கூப்பிட்டேன். பாதையில் இறங்கியதும் கேக் பெட்டி உருண்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடுப்பு கொக்கியில் தொங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் ஆள் நிற்பதுபோல் ஆடிக்கொண்டே வந்தது.

முதல் கேட் சாத்தியிருந்தது. சங்கிலியை டெஸ்ஸா எப்போதும் சுற்றுகிற மாதிரி இரண்டு சுற்று. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு சங்கிலியையும் அவிழ்க்கும்போது அவள் விரலைத் தொடுவதுபோல் இருந்தது எனக்கு. "மச்சான் முட்டாள் இல்லைக்கா. நின்னுட்டா யோசிப்பான்" என்றான் கிளைவ். டட்லியும் முட்டாள் இல்லையே என்று நான் சொல்லவில்லை.

மூன்றாவது கேட்டில், வேலிக் கம்பத்தின் தலையில், அந்தப் பூட்டு மூடி உட்கார்ந்திருந்தது.

அவர் கோபத்தில் வீசியிருப்பார். டெஸ்ஸா பொறுக்கி எடுத்து வைத்திருப்பாள்; பாதையில் எதையும் போட்டுவிட்டுப் போகிற பெண் இல்லை அவள். கிளைவ் அதைக் கையில் எடுத்துச் சத்தமாகச் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டான்! நின்னுருக்கு, திறந்திருக்கான், உஸ்ஸுன்னு சீறியிருக்கு, வண்டி எடுத்திருக்கு. மூடியில்லாம ஓட்டிட்டுப் போறான். மச்சான்னா மச்சான்தான்!" நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைக்கும்போதுதான் வாடை வந்தது.

பெட்ரோல். குனிந்து பார்த்தேன். யூட்டின் சக்கரத் தடத்தை ஒட்டி, மண்ணில் கறுத்த பொட்டுகள். மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் கொஞ்சம் பெரிதாக. மூடியில்லாத வாய் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொப்பளித்துக்கொண்டே போயிருக்கிறது. ஏதாவது துணியைச் சுருட்டித் திணித்திருப்பார். அது நனைந்து ஊறி, சொட்டிக்கொண்டிருக்கும். பொட்டுகள் இன்னும் காயவில்லை. அந்த வெயிலில் காயவில்லை என்றால் அவர்கள் ரொம்பத் தூரம் போயிருக்க முடியாது.

கேட்டுக்குப் பக்கத்தில், ஓட்டுகிறவர் இறங்கும் பக்கமாக, பெவன் சுருட்டிக் குடித்த சிகரெட்டின் துண்டு கிடந்தது. ஜெயித்துவிட்டால் ஒன்று பற்றவைப்பார். எப்போதும் அப்படித்தான். வண்டியிலிருந்து இரண்டடி தள்ளி.

கிளைவும் அதைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியில் ஏறினான். கேட்டை நான் சாத்தவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தது அன்றுதான்.

கற்கள் பரவிய மேட்டின்மேல் ஏறினோம். அங்கிருந்து சமவெளி முழுக்கத் தெரியும். கிழக்கே, பாதை போய் முடிகிற இடத்தில், வானத்துக்கும் தரைக்கும் நடுவே ஒன்று எழுந்து நின்றது.

"புழுதிதான்க்கா" என்றான் கிளைவ். "ஓடிட்டிருக்காங்க. அவங்க புழுதிதான்."

புழுதி என்றால் சிவப்பாக இருக்கும், புகை என்றால் கறுப்பாக. ஆனால் சூரியன் நேர் எதிரே இருந்தது. அந்த வெளிச்சத்தில் வேலிக் கம்பங்களும் புதர்களும் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தன. அது நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வாடை பிடிக்க மூச்சை ஆழமாக இழுத்தேன்.

காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தது.