பத்துக்கு ஒன்பது

1

எபிசோடு முடிந்து இருபத்தாறு மணி நேரம் ஆகிறது. பத்தொன்பது வருடமாக ஓடும் அந்தக் கார்ட்டூன் குடும்பத்தைப் பற்றி வாராவாரம் ரசிகர் குழுவில் பத்து வரி எழுதுவேன். அரை மணி நேர வேலை. இந்த வாரம் அது கதையாகிவிட்டது. இதில் 'அவள்' என்று வருபவள் நான்தான். 'நான்' என்று தொடங்கினால் பாதியில் அழித்துவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ஞாயிறு மாலை, ஜன்னலுக்கு வெளியே மழை

(மழை பெய்யவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: அவளும் அப்பாவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஆறு வயதிலிருந்து அவளுக்கு இடது ஓரம், அப்பாவுக்கு வலது. கார்ட்டூனில் யாருக்கும் வயதாவதில்லை. சோபாவில் ஆகிறது.

கார்ட்டூன் அப்பா வாயைத் திறந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரல் வேறு யாருடையதோ. இத்தனை வருடம் கரகரத்த மனிதர் திடீரென்று வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேசினார். ரசிகர் குழு கொந்தளித்தது.

அப்பா சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தார். முடிந்ததும் வழக்கம்போல் விரல்களை நீட்டி மதிப்பெண் போட்டார். பத்துக்கு ஒன்பது.

"அந்தாளு குரலுக்கே ஒன்பது குடுக்கலாம். மொத நாள் கேட்ட மாதிரியே இருக்கு."

3

இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். ஓடுகிற இயந்திரத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தி, தேய்ந்துபோன பேரிங் எதுவென்று சொல்லிவிடுவார். அவரா குரல் மாறியதைக் கவனிக்காமல் விட்டார்? வாசகர் நம்பமாட்டார். அவளும் நம்பவில்லை. அதனால்தான் இரவு முழுக்க

சரி. அவளுடைய வேலையையும் சொல்லிவிடுகிறேன். காது பரிசோதனை செய்பவள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சிலர் கேட்காமலேயே அழுத்துவார்கள். காது போய்விட்டதென்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனது வரும்? அவள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.*

* விளக்கின் அடியில் இருட்டு என்பார்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்குகிறது என்று நாலு மாதத்துக்கு முன்னால் டிவியின் சத்தத்தைக் குறைத்து, திரையின் கீழே வசனம் எழுத்தாக ஓடும்படி வைத்தவர் அப்பா. அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய் ஒரு மாதமாகிறது. எழுத்து இன்னும் ஓடுகிறது.

4

முடிவு (அ): அவள் எதையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே சோபா, அதே ஒன்பது விரல்கள். (எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததற்குக் காரணம் பயம்.)

முடிவு (ஆ): அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைக்கிறாள். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில் கோடு வலதுபக்கம் போகப் போகக் கீழே சரிகிறது. இருவரும் அழுகிறார்கள். (அப்பா அழமாட்டார். நீக்கம்.)

5

நடந்தது இவ்வளவுதான். இன்று வேலை முடிந்து வந்ததும் அவள் தன் இடது ஓரத்தை விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நேற்று கார்ட்டூன் அப்பாவின் குரல் மாறிவிட்டது என்றாள். அவர் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கேட்கிறதா என்று பார்த்தார்.

ஆரம்பத்தில் அவளைத்தான் சந்தேகப்பட்டாராம். சின்ன வயதிலிருந்தே மெல்லப் பேசுகிறவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அம்மா திட்டாத நாளில்லை. வர வர இன்னும் மெல்லப் பேசுகிறாள், மனதில் ஏதோ கஷ்டம் போல, அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாராம்.

மெல்லிய குரல்கள்தான் முதலில் போகும், கனத்த ஒலிகள் கடைசிவரை தங்கும் என்று தினமும் பத்துப் பேருக்கு விளக்குகிறவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

அப்பா அதற்குப் பிறகு ஒரே ஒரு விஷயம் சொன்னார். அதற்கு அவள் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, அவர் முகத்தைப் பார்த்து.

"மெஷின் கேக்குதும்மா. பேரிங் கேக்குது. உன் குரல்தான் எனக்குக் கேக்கல."